இங்கிலாந்தின் தருமப் பள்ளிகள்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: ஏழைப் பிள்ளைகளுக்கான இந்தப் பள்ளிகளை அரசா நடத்தியது?

பதில்: இல்லை. 1698-ல் லண்டனில் தொடங்கிய எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவச் சங்கம் ஊர் ஊராக இப்படிப் பள்ளி தொடங்கத் தூண்டிவிட்டது. பணம் தந்தவர்கள் உள்ளூர் வணிகர்களும் கடைக்காரர்களும். ஆண்டுக்கு இவ்வளவு என்று சந்தா கட்டினார்கள். வேதாகமம் வாசிக்கத் தெரிய வேண்டும், அதன்பின் ஒரு தொழிலில் சேர வேண்டும். அவர்கள் எதிர்பார்த்தது அவ்வளவே.

கேள்வி: பிள்ளைகளுக்கு நீல அங்கி ஏன்?

பதில்: நீலச் சாயம் மலிவு. 1552-ல் தோன்றிய கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளியின் நீல அங்கியே முன்மாதிரி. ஆனால் அந்த உடை, 'இது தருமத்தில் படிக்கிற பிள்ளை' என்று தெருவுக்கெல்லாம் காட்டிக்கொடுத்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வி: பெண் பிள்ளைகள் படித்தார்களா ஐயா?

பதில்: படித்தார்கள் அம்மா. வாசிப்போடு தையலும் பின்னலும்தான் அதிகம். பிறகு யார் வீட்டிலாவது வேலைக்காரி.

கேள்வி: நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், பெரிய பங்கு. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789-ல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளிக்கும் கொண்டுவந்தார். காகிதச் செலவே இல்லை! தேர்ந்த மாணவனை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் அது. 1797-ல் லண்டனில் இதை நூலாக்கினார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். 1811-ல் நேஷனல் சொசைட்டி என்ற இங்கிலாந்துத் திருச்சபையின் கல்விச் சங்கம் அதைக் கைக்கொண்டது. ஜோசப் லங்காஸ்டரும் லண்டனில் 1798 முதல் இதே வகையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்க முடிந்தது. அந்த மணல் தட்டுக்கு நியாயமான பெருமை கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

கேள்வி: கந்தல் கட்டிய பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்களா?

பதில்: பல பள்ளிகள் சேர்க்கவில்லை. போர்ட்ஸ்மவுத்தில் ஜான் பவுண்ட்ஸ் என்ற செருப்புத் தைப்பவர், இளவயதில் விபத்தில் ஊனமுற்றவர், தம் சின்னப் பட்டறையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கூலி வாங்கவில்லை. 1839-ல் இறந்தார். 1844-ல் 'கந்தல் பள்ளிகள் சங்கம்' உருவானபோது அவரை முன்னோடியாகப் போற்றினார்கள்.

கேள்வி: கந்தல் பள்ளிகளின் தேவை எப்போது மறைந்தது?

பதில்: 1870-ன் கல்விச் சட்டம் வரிப்பணத்தில் பள்ளிகள் திறக்க வழிவிட்டது. 1880-ல் பள்ளிக்குப் போவது கட்டாயமானது. ஆனால் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் நின்றது 1891-ல்தான். அதுவரை ஒரு பென்னிகூட இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கந்தல் பள்ளியே கதி.