கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோ: ரிக்கெட்டில் தெரியாத மணித்தியாலங்கள்

தம்பி, அம்மா கிளிநொச்சியிலிருந்து தனிய வாறா, 15ஆம் திகதி விடிய 3 மணிக்குக் கட்டுநாயக்காவில் ஏறி அண்டைக்கே பின்னேரம் 3 மணிக்கு ரொறன்ரோவில் இறங்குறதா ரிக்கெட்டில் கிடக்கு, 12 மணித்தியாலம்தானோ எண்டு கேட்டிருக்கிறீர். இல்லை. ரிக்கெட்டில் போடுறது அந்தந்த ஊர் நேரம். விண்டரில் ரொறன்ரோ எங்கட ஊருக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு நிக்கும். அதையும் கூட்டினால் இருபத்திரண்டரை. மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் ஒன்பதரை.

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேர் விமானம் இல்லை. கட்டுநாயக்கா - டுபாய் கிட்டத்தட்ட 3,300 கிலோமீற்றர், நாலரை மணித்தியாலம். அங்கை நாலு மணித்தியாலம் காத்திருப்பு. பிறகு டுபாய் - ரொறன்ரோ 11,100 கிலோமீற்றர், 14 மணித்தியாலம். சுத்திப் போறமே எண்டு யோசிக்காதையும்: நேரா அளந்தாலும் 14,000 கிலோமீற்றர் வரும், டுபாயால கூடுறது கிட்டத்தட்ட 400தான். திரும்பிப் போகேக்க மேல்காற்று மேற்கிலிருந்து பின்னால தள்ளும், அந்த 14 பன்னிரண்டரையாக் குறையும்.

ஆக்கள் பிழை விடுறது திகதியில்தான். 15ஆம் திகதி விடிய 3 மணி எண்டால் 14ஆம் திகதி முடியிற நடுச்சாமம் 12க்கே கவுண்டரில் நிக்கவேணும். வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு எண்டு போற பாதை கொழும்புக்குள்ள போகாமலே எயார்போட்டுக்குக் கொண்டுபோய் விடும். வான் வண்டிக்கு ஏழு மணித்தியாலம் வையும். ரயர் போனாலோ மழை பெய்தாலோ தாங்கவேணும், அதால 14ஆம் திகதி மத்தியானம் 2 மணிக்கு வீட்டாலை வெளிக்கிடச் சொல்லும். முல்லைத்தீவுப் பக்கத்து ஆக்களுக்கு ஒட்டுசுட்டானால வந்து மாங்குளத்தில் பெரிய றோட்டுக்கு ஏறவே ஒரு மணித்தியாலம். ரொறன்ரோ வீட்டு வாசலுக்கு வர எல்லாமா ஒண்டரை நாள் ஆகும்.

யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போட் கிட்ட, அதால சென்னைக்குப் போய் மாறலாமே எண்டு சிலர் சொல்லுவினம். நான் அம்மாவுக்கு அதைச் சொல்லமாட்டன். பலாலியால பறக்கிறது சின்ன விமானம், பொதி நிறை குறைவு. ரிக்கெட் இரண்டாப் பிரிஞ்சால் சென்னையில் பொதியை எடுத்துத் திரும்பப் போடவேணும், அதுக்கு இந்திய விசா வேணும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது கொம்பனி பொறுப்பெடுக்காது. ஒரே ரிக்கெட்டா எடும்.

வீல்செயார் புக் பண்ணேக்கையே கேளும், காசில்லை. அவவுக்கு நடக்க ஏலுமெண்டாலும் கேளும்: மொழி தெரியாதவவை டுபாயில் அடுத்த கேற்றுக்குக் கொண்டுபோய் விடுறது வீல்செயார் தள்ளுற ஆள்தான். கட்டுநாயக்காவில் பொதியில் ஒட்டுற சீட்டில் கடைசியா வை-வை-இசட் (YYZ, ரொறன்ரோ எயார்போட்டின்ர குறியீடு) எண்ட மூண்டு எழுத்து இருக்கோ எண்டு ஏத்திவிடுறவை பாக்கவேணும். டுபாய் எழுத்தோட முடிஞ்சிருந்தால் அங்கையே மாத்துவிக்கவேணும். மருந்து கைப்பைக்குள்ள. உம்மட விலாசமும் போன் நம்பரும் ஆங்கிலத்தில் எழுதின தாள் பாஸ்போட்டுக்குள்ள இருக்கட்டும், எங்கை தங்கப்போறீங்கள் எண்டு இமிக்கிரேசனில் கேப்பினம்.