வெளிக் காந்தம் இல்லாமல் அயக்காந்தத்தில் கருக் காந்தப் பரிவு கிடைக்குமா?

கேள்வியோடு, ‘பெரிய காந்தம் இல்லாத கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதைப் படிக்க ஆசைப்படலாமா’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்காகவே எழுதுகிறேன்.

கிடைக்கும். காந்தப்புலத்தில் இருக்கும் அணுக்கரு தனக்குரிய வானொலி அதிர்வெண்ணுக்குப் பதில் தருவதே கருக் காந்தப் பரிவு (NMR). வழக்கமாக அந்தப் புலத்தைப் பெரிய வெளிக் காந்தம் தரும். இரும்பு, கோபால்ட் போலத் தாமே காந்தமாகும் பொருள்களே அயக்காந்தங்கள். 1959இல் கொஸார்ட், போர்ட்டிஸ் என்ற பௌதிகவியலாளர் இருவரும் வெளிக் காந்தமின்றியே கோபால்ட்டில் அதைக் கண்டார்கள். இதே பரிவில் இயங்கும் மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 ரெஸ்லா. கோபால்ட் அணுக்கருவோ தன் சொந்த இலத்திரன்களாலேயே ஏறத்தாழ 21 ரெஸ்லா புலத்தில் இருக்கிறது. அறை வெப்பநிலையில் சுமார் 213 மெகாஹேட்ஸில் பரிவடைகிறது.

நான் முல்லைத்தீவுப் பக்கத்தவன். பற்றரிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டு வளர்ந்தவன். மேற்படிப்பு நேர்முகத்தில் ஒருவர், “ஆய்வுகூடமே காணாத இடத்திலிருந்து வந்து இதை எப்படிச் செய்வீர்கள்?” என்றார். இன்றைக்கும் அது எரிகிறது. பிறகு அதே துறையில், கோபால்ட் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் நானே கம்பிச்சுருள் சுற்றி, வானொலி அதிர்வெண் துடிப்புகளைச் செலுத்தினேன். பக்கத்தில் காந்தம் எதுவும் இல்லை. அலைகாட்டியின் திரையில் கருக்களின் பதில் சைகையான எதிரொலி எழுந்தது. அடுத்து மின்காந்தத்தைக் கொண்டுவந்து மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டச் சைகை தேய்ந்துகொண்டே போனது. அயக்காந்தத்துக்குள் காந்தத் திசை ஒன்றாக இருக்கும் சிறு பகுதிகளே ஆட்சிப்பகுதிகள், அவற்றுக்கு இடையிலான எல்லைகளே ஆட்சிப்பகுதிச் சுவர்கள். வெளிப்புலம் அந்தச் சுவர்களை ஒதுக்கித் துடைக்கிறது. சைகையின் பெரும்பங்கு அந்தச் சுவர்களுக்குள் இருக்கும் கருக்களிடமிருந்தே வருகிறது. நாம் செலுத்தும் சிறிய வானொலி அதிர்வெண் புலம் சுவரை அசைக்க, அங்குள்ள இலத்திரன்களின் நுண்காந்தங்கள் பெரிதாகத் திரும்புகின்றன. அவற்றோடு கருவின் மீதுள்ள அந்த 21 ரெஸ்லாவும் சாய்வதால், கரு உணரும் புலம் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகிவிடுகிறது. ஆட்சிப்பகுதிகளின் உட்புறத்திலும் பெருக்கம் உண்டு, ஆனால் குறைவு.

சுவரின் நடுவுக்கும் ஓரத்துக்கும் பெருக்கம் வேறுபடும், தூளின் துணிக்கை அளவும் முக்கியம் என்று நிபுணர்கள் வருவார்கள். தெரியும். கேட்டவர் மாணவர் என்பதால் அளவோடு நிறுத்தியிருக்கிறேன். காந்தம் வேண்டாம் என்பதால் செலவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. துடிப்புக் கருவியும் பெருக்கியும் வேண்டும்.

ஆசை தாராளமாகப் படலாம். வன்னிப் பிள்ளைகளுக்கு இல்லாதது மூளை அல்ல, நிலைத்து நிற்கும் ஆசிரியர். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் பௌதிகவியல் ஆசிரியர் இடமாற்றம் வாங்கிப் போகிறார். உயர்தர வகுப்பு பாதிப் பாடத்தோடு நிற்கிறது. போகிறவரை நான் குறைசொல்லவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அடுத்தவர் வந்து சேருமுன் அவரை விடுவிக்கிறார்களே, அந்த நடைமுறையைத்தான் கேட்கிறேன்.