நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ரத்தக்கட்டி: உங்கள் கேள்விகளும் பதில்களும்

நான் பொது மருத்துவர். காலின் சிரைக்குள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) ரத்தம் உறைந்து கட்டியாவதும், அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறிப் போவதும் வார்டில் அடிக்கடி பார்க்கிற நோய்கள். வந்திருக்கும் கேள்விகளில் பல, விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றியவை. அவற்றுக்கும் பதில் உண்டு. ஆனால் கட்டி பெரும்பாலும் விமானத்துக்குள் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஊர் போய்ச் சேர்ந்து, பெட்டியைப் பிரித்து, வேலைக்குத் திரும்பிய பிறகுதான் கால் வலிக்கத் தொடங்கும். அதற்குள் பயணம் மறந்துபோயிருக்கும், மருத்துவரிடமும் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் இறங்கிய பிறகு வரும் தொந்தரவுகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 14 மணி நேரம் பறந்து வந்து நாலு நாள் ஆகிறது. இடது கெண்டைக்கால் சதையில் ஒரு வலி. லேசாக வீங்கின மாதிரியும் இருக்கிறது. பெட்டி தூக்கியதில் சதை பிடித்துக்கொண்டது என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவி விடுகிறேன். சரியாகிவிடுமா?

முதலில் உருவுவதை நிறுத்துங்கள். கட்டி இருக்கும் காலை அழுத்தித் தேய்த்தால் அதில் ஒரு துண்டு உடைந்து நகர வாய்ப்பு உண்டு. அடுத்து, இன்றே மருத்துவரைப் பாருங்கள். நாளைக்குக் கூடத் தள்ள வேண்டாம்.

சதைப்பிடிப்பு சட்டென்று இழுக்கும், பெரும்பாலும் சில நிமிடங்களில் விட்டுவிடும். கட்டியின் வலி அப்படிப் போகாது. நாளுக்கு நாள் கூடும், நின்றாலும் நடந்தாலும் கனமாக இருக்கும், தொட்டால் அந்த இடம் சூடாகவும் இறுக்கமாகவும் தெரியும். புத்தகங்களில் "தோல் சிவக்கும்" என்று எழுதியிருக்கும். நம்மில் பலருக்கு இருக்கும் கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். நிறத்தை நம்பிக் காத்திருக்காமல் வீக்கத்தையும் சூட்டையும் மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முட்டிச் சிப்பிக்குக் கீழே முன்பக்கம் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரண்டு கால்களையும் டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருப்பதை மருத்துவர்கள் முக்கியமான அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தாலும் போய்க் காட்டத்தான் வேண்டும்.

மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, "நாலு நாளுக்கு முன்னால் 14 மணி நேரம் விமானத்தில் வந்தேன்" என்று சொல்லுங்கள். வெறும் கால் வலி என்று சொன்னால் வலி மாத்திரையோடு திரும்பி வர நேரிடலாம். பயணத்தையும் சேர்த்துச் சொன்னால் டாப்ளர் ஸ்கேன் (ஒலி அலையால் ரத்தக்குழாயைப் பார்ப்பது) எடுக்கும் யோசனை வரும். அந்த ஸ்கேனில் ஊசி இல்லை, வலி இல்லை. சிரையை மேலிருந்து அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல சிரை அழுத்தினால் தட்டையாகும், கட்டி அடைத்திருந்தால் ஆகாது.

கேள்வி: எனக்கு விமானத்தில் போனாலே இரண்டு பாதமும் வீங்கும், செருப்பே போட முடியாது. இதுவும் ரத்தக்கட்டியா?

இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கி, வலி இல்லாமல், ஓரிரு நாளில் வடிந்துவிட்டால் அது நீர் கோத்துக்கொண்டதுதான். பயப்பட வேண்டாம். வடியாமல் நின்றால் வேறு காரணம் தேட வேண்டும். இதயம், சிறுநீரகம், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாதிரி மாத்திரைகூடக் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆன பிறகு, போன வாரம் திடீரென்று மூச்சு வாங்கியது. ஆழமாக மூச்சு இழுத்தால் வலது விலாவில் குத்தியது. இ.சி.ஜி. எடுத்தார்கள், நார்மல். வாயுவாக இருக்கும் என்றார்கள். இப்போதும் மாடிப்படி ஏறினால் இரைக்கிறது. கால் வலி எதுவும் இல்லை.

இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம்.

இ.சி.ஜி. நார்மலாக இருந்தால் நுரையீரலில் கட்டி இல்லை என்று அர்த்தம் இல்லை. நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி அடைத்த பலருக்கு இ.சி.ஜி.யில் நெஞ்சுத் துடிப்பு வேகமாக இருப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது, சிலருக்கு அதுவும் தெரியாது. மார்பு எக்ஸ்ரேயும் சரியாகவே இருக்கலாம். உறுதியாகப் பார்க்க, சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டும். கால் வலி இல்லை என்பதும் ஆறுதல் ஆகாது. கட்டி காலில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு நேராக நுரையீரலில் முதல் அறிகுறியைக் காட்டுவது உண்டு.

மூன்று வாரம் ஆகிவிட்டதே என்றும் விட்டுவிடாதீர்கள். பயணத்தால் வரும் ஆபத்து இறங்கிய முதல் இரண்டு வாரங்களில் அதிகம். பிறகு மெல்லக் குறைந்து, ஏறத்தாழ எட்டு வாரத்தில்தான் பழைய நிலைக்கு வருகிறது.

மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: காரணம் தெரியாத திடீர் மூச்சிரைப்பு, மூச்சு இழுக்கும்போது குத்தும் நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், மயக்கம். நீண்ட பயணத்துக்குப் பிறகு இதில் ஒன்று வந்தாலும் ஆம்புலன்ஸை அழைக்கலாம், அதில் கூச்சமே வேண்டாம். ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினால் சந்தோஷமாக வீட்டுக்கு வாருங்கள்.

கேள்வி: எத்தனை மணி நேரப் பயணத்திலிருந்து பயப்பட வேண்டும்? எல்லாருக்கும் வருமா?

நாலு மணி நேரத்திலிருந்து கவனம் வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணிக்கிறவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. இரண்டு மடங்கு என்றதும் பதற வேண்டாம். ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்குதான் அது. ஆனால் பயணம் நீள நீள, சில வார இடைவெளிக்குள் அடுத்தடுத்துப் பறக்கப் பறக்க, அந்தக் கணக்கு ஏறும்.

இது விமானத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. அதே ஆய்வு கார், பஸ், ரயிலையும் சேர்த்தே சொல்கிறது. 1940-ல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் பதுங்கிடங்களில் இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் நுரையீரல் அடைப்பால் இறந்ததை கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் அப்போதே எழுதினார். அங்கே விமானம் எதுவும் இல்லை, மடக்கிய கால்கள்தான் இருந்தன. கெண்டைக்கால் சதை சுருங்கும்போதுதான் கீழே இருக்கிற ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அது மணிக்கணக்கில் சும்மா இருந்தால் ரத்தம் தேங்கும், தேங்கிய ரத்தம் உறையப் பார்க்கும்.

கேள்வி: பிசினஸ் கிளாஸில் போனால் வராதுதானே?

அப்படி உறுதி சொல்ல ஆதாரம் இல்லை. எந்த இருக்கையிலும் அசையாமல் கிடந்தால் ஆபத்து உண்டு. டிக்கெட் வகையைவிட ஜன்னலோரமா, நடைபாதை ஓரமா என்பது முக்கியம். ஜன்னலோரம் உட்காருகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யத் தயங்கி எழுந்திருப்பதே இல்லை.

உயரமும் கணக்கில் வரும். 190 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளவர்களுக்கும், 160-க்குக் குறைந்தவர்களுக்கும் ஆபத்து சற்று கூடுதல் என்று ஆய்வுகளில் தெரிகிறது. குட்டையானவர்களுக்குப் பாதம் தரையில் சரியாகப் பதியாமல் இருக்கையின் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தும். காலுக்கடியில் ஒரு பையை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளம்புவதற்கு முன் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் போதும் என்று நண்பர் சொல்கிறார்.

வேண்டாம். ஆஸ்பிரின் முக்கியமாகத் தமனியில் (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) வரும் அடைப்புக்கான மருந்து. பயணத்தில் சிரையில் வரும் கட்டியைத் தடுப்பதற்காக மட்டும் அதை எடுக்க வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை, வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கவும் செய்யும். இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி: வயது 29. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த வாரம் நீண்ட பயணம். ஒரு வாரத்துக்கு நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, ரத்தக்கட்டி வரும் வாய்ப்பைச் சுமார் மூன்று மடங்காக்குகிறது. அதன் மேல் பயணமும் சேரும்போது ஆபத்து இன்னும் ஏறும். ஆனால் சில நாள் நிறுத்துவதால் அந்தத் தன்மை மாறிவிடாது, மாறச் சில வாரங்கள் ஆகும். பலன் கிடைக்காமல் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொரு கேள்வியை நான் உங்களைக் கேட்க வேண்டும். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது 50 வயதுக்குள் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்ததா? வந்திருந்தால் பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு முறைக்கு மாறலாமா என்று கேளுங்கள். பரம்பரையாக ரத்தம் எளிதில் உறையும் தன்மை சிலருக்கு உண்டு. அவர்கள் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது.

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 62. முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது, பார்த்துக்கொள்ள 16 மணி நேரம் விமானத்தில் போகணும். டிக்கெட் போட்டாச்சு. நல்லாத்தான் நடக்கிறேன்.

அம்மா, நீங்கள் நன்றாக நடப்பது நல்ல செய்தி. ஆனாலும் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். முட்டி, இடுப்பு மாற்று அறுவைக்குப் பிறகு முதல் மூன்று மாதம் கட்டி உருவாகும் வாய்ப்பு மிக அதிகம், நீண்ட பயணம் அதோடு சேரக்கூடாது. எப்படியும் போயே ஆக வேண்டுமென்றால் அறுவை செய்தவரிடம் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ ஊசியோ அவர் எழுதித் தரலாம். கொடுத்திருந்த மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நீங்களாகவே முடிவெடுத்துக் கிளம்பிவிடாதீர்கள்.

மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரசவம் ஆன முதல் ஆறு வாரத்தில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு கர்ப்ப காலத்தைவிடவும் அதிகம், சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். பச்சை உடம்பு என்று நாள் முழுக்கப் படுக்க வைக்க வேண்டாம். எழுந்து நடக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ பிரசவ அலுப்பு என்று விடாமல் உடனே காட்டச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் இதுதான். கர்ப்பத்தில் கட்டி பெரும்பாலும் இடது காலில் வரும். சில சமயம் கெண்டைக்காலில் ஒன்றும் தெரியாமல் தொடை, இடுப்பு, கீழ்முதுகு வலியாகத் தொடங்கும்.

கேள்வி: இறுக்கமான சாக்ஸ் கிடைக்கிறதே, எதை வாங்குவது?

முட்டிக்குக் கீழே நிற்கும் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ். கணுக்காலில் அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். அட்டையில் 15 முதல் 30 வரை மி.மீ. பாதரசம் என்று அழுத்தம் போட்டிருப்பது சரி. காலை அளந்து வாங்குங்கள். மேல் விளிம்பு சுருண்டு இறுக்கினால் கெடுதல்தான். இவற்றைப் போட்டவர்களுக்கு, அறிகுறி காட்டாத கட்டிகள் குறைந்ததாக ஆய்வுகள் நன்றாகவே காட்டியிருக்கின்றன. ஆரோக்கியமானவர்களுக்குக் கட்டாயம் இல்லை. காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு உள்ளவர்களும், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

கேள்வி: தூக்க மாத்திரை போட்டு முழுத் தூரமும் தூங்கிவிடுவேன். பரவாயில்லையா?

அதை விட்டுவிடுங்கள். இயல்பான தூக்கத்தில் புரண்டாவது படுப்போம். மாத்திரைத் தூக்கத்தில் கால் மடங்கியது மடங்கியபடி எட்டு மணி நேரம் கிடக்கும். மதுவும் சேர்ந்தால் இன்னும் மோசம். விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பிறகு விரல் பக்கத்தைத் தூக்கி இறக்குங்கள், இருபது தடவை. பெல்ட் விளக்கு அணைந்திருக்கும்போது எழுந்து நடங்கள். கைப்பையை காலடியில் திணித்து வைக்காதீர்கள், காலை நீட்ட இடம் வேண்டும்.

கேள்வி: ரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையில் அதிகம் என்று வந்திருக்கிறது. கட்டி உறுதியா?

இல்லை. காய்ச்சல், கர்ப்பம், சமீபத்திய அறுவை, வயது எல்லாமே அதை ஏற்றும். கட்டி இருக்க வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் கணித்தவருக்கு அது நார்மலாக வந்தால் கட்டி இல்லை என்று நிம்மதியாகச் சொல்ல உதவும், அதற்கான பரிசோதனைதான் அது. அதிகம் என்று வந்தால் அடுத்து ஸ்கேன்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் காலில் கட்டி வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு நிறுத்திவிட்டேன். இனி விமானத்திலேயே போகக் கூடாதா?

போகலாம், ஆனால் முன்னேற்பாடு வேண்டும். ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். டிக்கெட் போடும்போதே மருத்துவரைப் பாருங்கள். பயணத்துக்காக மட்டும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியோ மாத்திரையோ தேவையா என்று அவர் முடிவு செய்வார். அந்தக் காலில் அவ்வப்போது வீக்கமும் கனமும் இருந்தால் அதையும் இப்போதே சொல்லி, கால் இருக்கும் அளவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய வீக்கம் எது, புது வீக்கம் எது என்று பின்னால் பிரித்துப் பார்க்க அந்த எண் உதவும்.

இன்னும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் அதைச் சரக்குப் பெட்டியில் போடாமல் மருந்துச் சீட்டோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேர மண்டலம் மாறும்போது எத்தனை மணிக்குப் போடுவது என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிவையுங்கள். ஒரு வேளை தவறிவிட்டது என்று அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.