பேராசிரியரைப் பற்றிப் பிள்ளைகள் சொல்வதை எப்படி எடுப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் முகாமைத்துவம் படிக்கிறாள். அடுத்த வருடம் சந்தைப்படுத்தலைச் சிறப்புப் பாடமாக எடுக்க விருப்பம். ஆனால், "அந்தப் பேராசிரியர் புள்ளி போடமாட்டார், அவரிடம் போனால் கிளாஸ் (வகுப்புச் சித்தி) இல்லை" என்று மேல் வருட அக்காமார் சொல்கிறார்களாம். நம்பலாமா?
— ஒரு தாய், மல்லாவி

பதில்: அந்த அக்காமார் தங்களுக்கு நடந்ததைத்தான் சொல்கிறார்கள் அம்மா. ஆனால் எத்தனை பேர் அப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். 60 பேர் இருந்த வகுப்பில் 8 பேர் சொன்னதுதான் மகளின் காதுக்கு வந்திருக்கிறது என்றால் அது 13 வீதம். நன்றாகப் பிடித்துப்போனவர்களும் மனம் நொந்தவர்களும்தான் முந்திக்கொண்டு பேசுவார்கள். மிச்சம் 52 பேர் பேசாமல் பட்டம் பெற்றுப் போயிருப்பார்கள்.

ஓர் ஆசிரியருக்கு மாணவர்கள் ஐந்துக்கு எத்தனை என்று போடும் மதிப்பீட்டின் சராசரியையும் அப்படியே எடுக்க வேண்டாம். 8 பேரில் 5 பேர் ஐந்தும் 3 பேர் ஒன்றும் போட்டால் சராசரி 3.5. நாலு பேர் நான்கும் நாலு பேர் மூன்றும் போட்டாலும் அதே 3.5 தான். முதலாவது ஆசிரியர் சிலருக்கு மிக நன்றாகவும் சிலருக்குத் துளியும் ஒத்துவராமலும் படிப்பிப்பவர். மற்றவர் எல்லோருக்கும் ஓரளவு. மகள் எந்தப் பக்கம் நிற்பாள் என்பதுதான் கேள்வி. அந்த மூன்று பேருக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று விசாரித்தால் அது தெரியும்.

"புள்ளி போடமாட்டார்" என்றால் எதற்கு? இறுதிப் பரீட்சை விடைத்தாளில் பெயர் இராது, சுட்டிலக்கம் மட்டும்தான். இரண்டாவது பரீட்சகர் பார்ப்பதும் வழமை. தனியொருவர் நினைத்தபடி விழுத்த அங்கே இடம் குறைவு. கண்டிப்பு தெரிவது ஒப்படைகளில்தான்: தவணை பிந்தினால் வெட்டு, இணையத்தில் எடுத்து ஒட்டினால் பூச்சியம். முன்கூட்டியே தெரிந்தால் இவை இரண்டையும் சமாளிக்கலாம்.

"படிப்பிப்பது விளங்கவில்லை" என்ற குறையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உயர்தரம் வரை வணிகக்கல்வியைத் தமிழில் படித்த பிள்ளை, வளாகத்தில் அதே பாடத்தை ஆங்கிலத்தில் கேட்கிறது. சந்தையைத் துண்டமாக்குதல் (வாங்குபவர்களைக் குழுக்களாகப் பிரித்தல்) என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்த பிள்ளையும் முதல் வருடம் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் பல வேளைகளில் ஆசிரியரின் தலையில் விழுகிறது. குறை சொன்னவர் முதல் வருடத்தில் படித்ததைச் சொல்கிறாரா, மூன்றாம் வருடத்தில் படித்ததையா என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் மாணவர்களை எழுந்தமானமாகப் பிரித்து வகுப்புகளுக்கு அனுப்புவார்கள். அந்தத் தரவை வைத்து 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தொடக்கப் பாடத்தில் நல்ல புள்ளி எடுக்கவைத்து, மாணவரிடம் நல்ல பெயரும் வாங்கிய ஆசிரியர்களிடம் படித்தவர்கள், அதைத் தொடர்ந்த மேற்பாடங்களில் சராசரியாகப் பின்தங்கியிருந்தார்கள். அதனால் இப்போது படிப்பவர்களைவிட, அந்தப் பாடம் முடித்து இரண்டு வருடமானவர்களிடம் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். "அவரிடம் படித்தது ஆய்வறிக்கை எழுதும்போது உதவியதா?" என்ற ஒரு கேள்வி போதும்.

கேள்வி: எங்கள் சந்தைப்படுத்தல் பேராசிரியரின் முதற் பட்டம் பொருளியல். இது குறையா? அவருடைய கல்விப் பின்னணியை எப்படிப் பார்ப்பது?
— மாணவர், கிளிநொச்சி

பதில்: குறையே இல்லை தம்பி. சந்தைப்படுத்தல் பாடத்தில் உலகறிந்த பிலிப் கொட்லர் கலாநிதிப் பட்டம் பெற்றது பொருளியலில்தான், 1956இல், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில். இந்தத் துறைக்கு உளவியலிலிருந்தும் புள்ளிவிபரவியலிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

முதற் பட்டத்தைவிட, கலாநிதி ஆய்வின் தலைப்பையும் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளையும் பாருங்கள். நுகர்வோர் நடத்தை, வர்த்தகக் குறி, விநியோகம் என்று தொடர்ச்சியாக எழுதியிருந்தால் அவர் அந்தத் துறைக்காரர். பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், முதுமாணி 9 அல்லது 10, கலாநிதி 12. கௌரவ கலாநிதிப் பட்டம் ஒரு மரியாதை. படித்துப் பெறும் தகைமையாக அதைக் கணக்கெடுக்கக் கூடாது.

கலாநிதி என்பது பட்டம், பேராசிரியர் என்பது பதவி. எங்கள் நாட்டில் சிரேஷ்ட விரிவுரையாளராக இருந்து, கற்பித்தல், ஆய்வு, பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் செய்த பங்களிப்பு ஆகிய மூன்றிலும் புள்ளி சேர்த்துத்தான் அந்தப் பதவிக்கு வர முடியும். அமெரிக்காவில் புதிதாகச் சேர்ந்தவரையும் உதவிப் பேராசிரியர் என்பார்கள். வெளிநாட்டு விபரத்தைப் படிக்கும்போது இந்த வித்தியாசம் நினைவில் இருக்கட்டும்.

ஒரு சின்னக் குழப்பம் எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும். ஒருவருடைய விபரத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வவுனியா வளாகம், வவுனியாப் பல்கலைக்கழகம் என்று இரண்டும் இருந்தால், அவர் இடம் மாறினார் என்று எண்ண வேண்டாம். வளாகம்தான் 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானது.

கேள்வி: 60 கட்டுரை எழுதியவர் என்றால் பெரிய ஆள்தானே?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: எண்ணிக்கை மட்டும் போதாது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலர் தளத்தில் பெயரைத் தேடுங்கள், அவருக்கு அங்கே சொந்தப் பக்கம் இருந்தால் எச்-சுட்டெண் தெரியும். ஐந்து கட்டுரைகள் முறையே 40, 12, 6, 4, 1 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் சுட்டெண் 4. அதாவது குறைந்தது 4 தடவையாவது எடுத்தாளப்பட்ட கட்டுரைகள் 4 உண்டு. அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகளும் கலந்துவிடலாம். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வழங்கப்படும் 16 இலக்க ஓர்கிட் எண்ணால் ஆளை உறுதிசெய்யுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரே கிழமையில் வெளியிடும் சஞ்சிகைகளும் இருக்கின்றன. அங்கே வந்த கட்டுரைகளை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: அரையாண்டு முடிவில் விரிவுரையாளரை மதிப்பிடும் படிவம் தருகிறார்கள். எல்லாரும் எல்லாவற்றுக்கும் 4 போட்டுவிட்டுப் போகிறோம். என்ன எழுதினால் பயன்?
— மாணவி, முள்ளியவளை

பதில்: எல்லாவற்றுக்கும் 4 போட்ட படிவத்திலிருந்து யாரும் எதையும் திருத்த முடியாது தங்கச்சி. நடந்ததை எழுதுங்கள். "நல்ல சேர்" என்று எழுதுவதற்குப் பதிலாக, "ஒப்படை திருத்தி வர ஏழு கிழமை சென்றது, அதற்குள் பரீட்சை வந்துவிட்டது" என்று எழுதினால் அதில் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. நல்லதையும் அப்படியே எழுதுங்கள். காலபோக அறுவடை முடிந்த கையோடு நெல் விலை ஏன் விழுகிறது, முல்லைத்தீவுக் கருவாடு எத்தனை கை மாறிக் கொழும்புக்குப் போகிறது என்று வெளியே அனுப்பித் தரவு எடுக்கவைத்த ஒப்படை உங்களுக்கு உதவியிருந்தால், அந்த ஒப்படையின் தலைப்போடு எழுதுங்கள். அடுத்த அணிக்கும் அது கிடைக்கும்.

உடுப்பு, பேச்சுவழக்கு, ஊர் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். படிவம் நிரப்பும் நாளுக்கு முன்னர், எந்தக் கிழமை எந்தப் பாடம் நடந்தது என்று கொப்பியை ஒருதரம் புரட்டிப் பாருங்கள். பார்க்காமல் எழுதினால் கடைசி இரண்டு விரிவுரைகள்தான் நினைவில் நிற்கும்.