10 கிலோமீற்றர் ஓட 20 கிலோ குறைக்க வேண்டுமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 36, எடை 84 கிலோ. பாடசாலைக் காலத்தில் 1500 மீற்றர் ஓடியவள். நுவரெலியாவில் 10 கிலோமீற்றர் ஓட்டமொன்றில் ஓட ஆசை. "20 கிலோ குறைத்தால்தான் பெயர் சேர்ப்பார்கள், பவுடரும் கெப்சியூலும் தந்து பதிவும் செய்து தருகிறேன்" என்று ஊரில் ஒரு அண்ணன் 38,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி. எடை பார்த்து ஆள் பிரிப்பது குத்துச்சண்டையில், மல்யுத்தத்தில், பளுதூக்கலில். வீதி ஓட்டத்தில் தராசு கிடையாது. அமெரிக்காவில் மிர்னா வலேரியோ என்றொருவர், இசை ஆசிரியையாக இருந்தவர். பருத்த உடம்போடே மரதன் தூரத்தையும் தாண்டிய மலைப்பாதை ஓட்டங்களை ஓடி முடித்தவர். ஓட்டக்காரருக்கென்று ஒரே உடம்பு இல்லை என்று ஊர் ஊராகப் பேசி வருகிறார். நீங்கள் கேட்பதோ வெறும் 10 கிலோமீற்றர்.

பவுடரைவிடக் கெப்சியூலுக்குத்தான் எனக்குப் பயம். சிபுட்ராமின் என்று ஒரு பசியடக்கி மருந்து. இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றி மாரடைப்பு வரை கொண்டுபோகிறது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் பல நாடுகளில் 'சுத்த மூலிகை' என்று விற்ற மெலிவுக் கெப்சியூல்களுக்குள் அது அகப்பட்டிருக்கிறது. போட்டியில் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்துப் பட்டியலிலும் அது உண்டு. மருந்து என்று விற்பதற்கு தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு வேண்டும். அந்தப் பதிவு இலக்கத்தை அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். பதிவையும் அவர் கையில் விடாதீர்கள். நீங்களே படிவம் நிரப்பி, நீங்களே காசு கட்டி, ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள். படிவம் தமிழில் இருக்காது என்ற தைரியத்தில்தானே இந்த அண்ணன்மார் பிழைக்கிறார்கள். விளம்பரத்தை மூன்று மொழியில் போட முடிந்தவர்களுக்கு ஒரு பக்கப் படிவத்தைத் தமிழில் போட என்ன கஷ்டமோ!

சரி, உடம்புக்கு வருவோம். எடையைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை, இரத்தத்தைப் பற்றிக் கேட்கிறேன். லயத்துப் படி ஏறினால் நெஞ்சு அடிக்கிறதா? கண்ணிமையின் உள்பக்கம் வெளிறியிருக்கிறதா? அப்படியென்றால் ஓட்டம் கொஞ்சம் பொறுக்கட்டும். ஃபுல் பிளட் கவுன்ட் எடுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் இரத்தசோகை. மூச்சு வாங்குவதை உடம்பு பெருத்ததன் தலையில் போட்டுவிட்டு, இரத்தம் குறைந்திருப்பதைக் கவனிக்காமலே வருடக்கணக்கில் இருந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதில் நம் தேயிலைக்கும் பங்கு உண்டு. ரொட்டியையும் கீரையையும் சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்டி குடித்தால், சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அந்தச் சாயம் தடுக்கிறது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, விடவும் மாட்டீர்கள். சாப்பாட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு மணித்தியாலம் விடுங்கள். கீரையில் தேசிக்காய் பிழியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் அதையும் பிளேன்டியோடு விழுங்க வேண்டாம்.

35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளின் சுகவாழ்வு நிலையத்தில் பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். இலவசம்தான், ஆனால் கொழுந்தெடுக்கும் பெண் ஒருநாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து, பஸ் பிடித்துப் போக வேண்டும். அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது. உங்களுக்கு ஒரு லீவு போதும், போய்வாருங்கள்.

பயிற்சி சுலபம். கிழமைக்கு மூன்று நாள். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகம் போதும். மேட்டில் நடங்கள், செங்குத்தான இறக்கத்திலும் நடங்கள். தொடை பிடித்துக்கொள்வது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், உங்கள் ஊரைவிட மூச்சு சீக்கிரம் வாங்கும். அன்றைக்கு முதல் இரண்டு கிலோமீற்றரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள். கெப்சியூலுக்கு வைத்திருந்த காசில் சப்பாத்தும், நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிற ஸ்போர்ட்ஸ் பிராவும் வாங்குங்கள். இந்த இரண்டாவதை எந்தப் பீ.டி. சேரும் சொல்லித் தரமாட்டார்.

அப்புறம், காசு கட்டுமுன் இரண்டு கேள்வி. ஓட்டத்துக்காக மூடிய வீதியை எத்தனை மணித்தியாலத்தில் திறந்துவிடுவார்கள்? இரண்டு மணித்தியாலம் என்றால் கிலோமீற்றருக்கு 12 நிமிடம், ஓடியும் நடந்தும் முடிக்கலாம். ஒன்றேகால் என்றால் இந்த வருடம் வேண்டாம், வேறு ஓட்டம் பாருங்கள். டீசேர்ட் எந்த அளவு வரை இருக்கிறது? எக்ஸ்எல்லோடு நின்றால், உங்கள் அளவைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கேட்காதவரை அந்த அளவில் அச்சடிக்க மாட்டார்கள்.

இரத்த ரிப்போர்ட் நல்லபடி வந்தால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம். கெப்சியூல் டப்பா ஏற்கெனவே கைக்கு வந்திருந்தால், திருப்பிக் கொடுக்குமுன் லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.