மேட்ச் பணத்தை நம்பி யூட் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் மெல்பர்னில் டாண்டினாங் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 22 வயது. எலக்ட்ரீஷியன் அப்ரெண்டிஸ், மூன்றாம் வருடம், வருடச் சம்பளம் 52,000 டாலர். சின்ன வயதிலிருந்தே ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) ஆடுகிறான். இப்போது இரண்டு இடங்களிலிருந்து கூப்பிடுகிறார்கள். வி.எஃப்.எல். (விக்டோரியா மாநில லீக்) கிளப் ஒன்று மேட்சுக்கு 250 டாலர், 18 மேட்ச் என்கிறது. 180 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கன்ட்ரி (வெளியூர்) ஃபுட்டி கிளப் மேட்சுக்கு 600 டாலர், 16 மேட்ச் என்கிறது. ஆனால் அந்த 600-இல் 400 மட்டும்தான் ஒப்பந்தத்தில் வருமாம். மீதி 200-ஐ 'சாலரி கேப் (வீரர்களுக்குக் கிளப் தரக்கூடிய மொத்தச் சம்பள வரம்பு) பிரச்சினை இருக்கு' என்று சொல்லி, கையில் ரொக்கமாகத் தருவார்களாம். கன்ட்ரி கிளப்புக்குப் போனால் அந்தப் பணத்தை வைத்து 45,000 டாலர் கடனில் ஒரு யூட் (பின்னால் சாமான் ஏற்றும் வண்டி) எடுக்கலாம் என்கிறான் மகன். எது சரி?

பதில்: யூட் கடனை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், ஐயா. அந்த 200 டாலர் ரொக்கத்தைத் தொடவே வேண்டாம். இந்த இரண்டிலும் எனக்குத் தயக்கம் இல்லை. எந்தக் கிளப் என்பதுதான் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

நாட்டின் உயர்மட்ட ஃபுட்டி லீகான ஏ.எஃப்.எல்.-இல் சராசரி வீரரின் சம்பளம் 2027-க்குள் சுமார் 5,19,000 டாலரைத் தொடும் என்பது 2023-இல் போட்ட ஒப்பந்தம். அதற்கு ஒரு படி கீழேதான் விக்டோரியாவின் வி.எஃப்.எல்., தெற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்.ஏ.என்.எஃப்.எல்., மேற்கின் டபிள்யூ.ஏ.எஃப்.எல். மூன்றும் இருக்கின்றன. ஒரே ஒரு படிதான், ஆனால் சம்பளத்தில் பாதாளம் அளவுக்கு வித்தியாசம். வி.எஃப்.எல். மைதானத்தில் உங்கள் மகனுக்கு எதிரே நிற்பவர், ஏ.எஃப்.எல். கிளப் தன் இரண்டாம் அணியில் இறக்கிய முழுநேர வீரராக இருக்கலாம். அவருக்குச் சம்பளம் அந்தப் பெரிய கிளப்பிலிருந்து வருகிறது. உங்கள் மகனுக்கு வருவது, வி.எஃப்.எல். கிளப் தன் சொந்தச் சம்பள வரம்புக்குள் பிரித்துக் கொடுக்கும் பங்கு. அதனால் 250 என்றதும் கிளப் கஞ்சத்தனம் செய்கிறது என்று நினைக்க வேண்டாம். வரம்புக்குள் அத்தனை பேருக்கும் பங்கு போட்டால் அவ்வளவுதான் வரும்.

இந்த வரம்பு ஏன் வந்தது என்று தெரிந்தால் அந்த ரொக்கப் பேச்சும் புரியும். பணக்காரக் கிளப் நல்ல வீரர்களை எல்லாம் வாங்கிக் குவித்தால், மற்றக் கிளப்கள் போட்டிக்குக் கடன் வாங்கி மூழ்கிப் போகும். இன்று ஏ.எஃப்.எல். ஆகிவிட்ட பெரிய லீகில் 1987-இல் கிளப்புக்கு 12.5 லட்சம் டாலர் என்று வரம்பு கட்டினார்கள். 2002-இல் கார்ல்டன் கிளப் வரம்பை மறைத்து மீறியது பிடிபட்டபோது 9,30,000 டாலர் அபராதம் விழுந்தது. இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வாய்ப்புகளும் பறிபோயின. அந்தக் கிளப் எழுந்து நிற்க வருடங்கள் பிடித்தன. விக்டோரியாவின் ஊர் கிளப்களுக்கும் இப்போது சம்பள வரம்பு உண்டு. 2016 முதல் வீரர் புள்ளி முறையும் இருக்கிறது. சொந்தக் கிளப்பில் வளர்ந்த பையனுக்கு ஒரு புள்ளி. மேல் லீகில் ஆடிவிட்டு வருபவருக்கு அதிகம். மொத்தப் புள்ளி வரம்பைத் தாண்டி அணியை இறக்க முடியாது. மகன் வி.எஃப்.எல். ஆடிவிட்டு அப்புறம் கன்ட்ரி கிளப்புக்குப் போனால் அவனுக்கான புள்ளி கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, 'கேப் பிரச்சினை' என்று அந்தக் கிளப் சொல்வதற்கு ஒரே அர்த்தம்தான்: வரம்பு நிரம்பிவிட்டது, உங்கள் மகனுக்குக் கொடுப்பதை மறைக்கப் பார்க்கிறார்கள். வரம்பு கிளப்பின் தலைவலி. வரி உங்கள் மகனுடையது. ரொக்கமாக வந்தாலும் அது வருமானம்தான், காட்டாமல் விட்டால் வரி அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அவன்தான். லீக் விசாரணை வந்தால் வீரருக்கும் தடை வரலாம். இன்னொன்றும் உண்டு. எழுதாத பணத்தைக் கிளப் தராமல் விட்டால் எங்கே போய்க் கேட்பது? என்னிடம் வந்த ஒரு பையனுக்கு இதுதான் நடந்தது. ஜூன் மாதம் முழங்கால் போனது, ஜூலையில் ரொக்கம் நின்றது. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அவன் அப்பா என் எதிரில் உட்கார்ந்திருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். மகனின் சம்பளம் 45,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதனால் இதற்கு மேல் வரும் ஒவ்வொரு டாலரிலும் 30 சதவீத வரி, 2 சதவீத மெடிகேர் லெவி (அரசு மருத்துவத்துக்கான வரி), ஆக சுமார் 32 சதவீதம் போகும். வி.எஃப்.எல். பணம் 4,500. அதில் 1,440 போனால் கையில் 3,060. கன்ட்ரி கிளப்பின் 9,600-ஐ முழுதும் கணக்கில் காட்டினால் 3,072 போய் 6,528 நிற்கும். ஒப்பந்தத்தில் இருக்கும் 6,400-ஐ மட்டும் எடுத்தால் வரி போக 4,352.

இப்போது வண்டியைப் பாருங்கள். போக வர 360 கிலோமீட்டர், 16 சனிக்கிழமை, மொத்தம் 5,760 கிலோமீட்டர். வரி அலுவலகமே 2025-26-க்கு வண்டிச் செலவைக் கிலோமீட்டருக்கு 88 சென்ட் என்று வைத்தது. பெட்ரோல், சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கணக்கில் சுமார் 5,069 டாலர் வருகிறது. 600 டாலர் மேட்சில் வருடம் முழுக்க ஓடி மிஞ்சுவது சுமார் 1,460 டாலர். ஒப்பந்தத்தில் உள்ள 400 மட்டும் என்றால் கைக்காசு போகும். வீட்டிலிருந்து மைதானத்துக்கு ஓட்டும் இந்தச் செலவை வரியில் கழிக்கவும் முடியாது.

வி.எஃப்.எல். பக்கமும் லாபம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் மூன்று சாயங்காலம் பயிற்சி, நவம்பரிலேயே தொடங்கிவிடும். ஓவர்டைம் போகும். ஒரு சின்ன ஆறுதல்: வேலை நடக்கும் இடத்திலிருந்து நேராகப் பயிற்சிக்குப் போனால், அந்தப் பயணத்தை வரியில் கழிக்கலாம். தேதி, கிலோமீட்டர் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆனாலும் மொத்தத்தில் இரண்டு கிளப்பிலும் பணம் என்று பெரிதாக மிஞ்சப்போவதில்லை. இப்படி மிஞ்சாத பணத்தை நம்பி 45,000 டாலர் கடன் எடுப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். யூட் வேண்டுமென்றால் அப்ரெண்டிஸ் சம்பளத்தில் மட்டும் கட்டக்கூடிய அளவுக்குப் பழைய வண்டி ஒன்று பார்க்கட்டும்.

கிளப் தரும் படிவங்களில் இரண்டு விஷயம் கவனியுங்கள். வரியில்லா வரம்பான 18,200 டாலரை அவன் வேலை செய்யும் இடத்திலேயே கோரியிருப்பான். கிளப் படிவத்தில் மறுபடியும் கோரக் கூடாது, கோரினால் வருடாந்தர வரிக் கணக்கில் பெரிய தொகை கட்ட வேண்டி வரும். அடுத்தது, 'இது பொழுதுபோக்கு, வரி பிடிக்க வேண்டாம்' என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். ஒப்பந்தம் போட்டு மேட்சுக்கு இவ்வளவு என்று வாங்குபவர் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்வது நிற்காது என்பது என் கருத்து. சூப்பர் (முதலாளி கட்டும் ஓய்வூதியச் சேமிப்பு) சட்டமும், விளையாடுவதற்காகச் சம்பளம் வாங்குபவரை ஊழியராகவே பார்க்கிறது. 12 சதவீதப்படி வி.எஃப்.எல். பணத்துக்கு 540 டாலர் சூப்பர் வர வேண்டும். ஒப்பந்தத்திலேயே கேளுங்கள்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை முழங்கால்தான். விக்டோரியாவில் மைதானத்தில் அடிபட்டால் ஒர்க்கவர் எனும் வேலை விபத்து நஷ்டஈடு கிடைக்காது, விளையாட்டு வீரர்களை அந்தச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. கிளப் எடுக்கும் விபத்துக் காப்பீடு மெடிகேர் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குப் பணம் தராது. வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கான சம்பள இழப்புக் காப்பீட்டைக் கிளப் தனியாகப் பணம் கட்டி எடுத்திருந்தால்தான் உண்டு. முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் அறுந்தால் மறுபடி ஆட ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். ஏணியில் ஏறி வயரிங் செய்யும் பையனுக்குக் கையில் இருப்பது வருடத்துக்கு 10 நாள் நோய் விடுப்பு. சூப்பர் கணக்கில் இன்சூரன்ஸ் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, ஆபத்தான தொழில் என்ற விலக்கு சில ஃபண்டுகளில் இருந்தாலொழிய, கேட்டு வாங்கினால்தான் வரும். ஃபண்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தனியார் மருத்துவக் காப்பீடு எடுப்பதாக இருந்தால் சீசனுக்கு முன்பே எடுங்கள். புதிய சிகிச்சைக்கு இரண்டு மாதம், ஏற்கெனவே உள்ள கோளாறுக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் எந்தக் கிளப்? மகனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஏ.எஃப்.எல். ஆசை உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால் வி.எஃப்.எல்., இரண்டு வருடம். 2019-இல் சீசன் நடுவே டிராஃப்ட் மறுபடி வந்த பிறகு, கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. மார்லியன் பிக்கெட் அந்த வருடம் 27 வயதில் டபிள்யூ.ஏ.எஃப்.எல். கிளப்பான சவுத் ஃப்ரீமேன்டிலிலிருந்து ஏ.எஃப்.எல். கிளப்பான ரிச்மண்டுக்கு எடுக்கப்பட்டு, தன் முதல் ஏ.எஃப்.எல். ஆட்டமாகவே இறுதிப் போட்டியில் ஆடிக் கோப்பை வென்றார். அப்படி நடப்பது அபூர்வம், ஆனால் தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்க்கும் மைதானம் வி.எஃப்.எல். மைதானம். அப்படி எடுக்கப்பட்டு வருமானம் திடீரென்று ஏறினால், விளையாட்டு வீரர்களுக்கு வரியைச் சராசரிப்படுத்தும் சலுகை இருக்கிறது. விளையாட்டு வருமானம் ஒரு வருடத்தில் 2,500 டாலரைத் தாண்டிய பிறகு அது தொடங்கும். வெளிப்படையாகக் கணக்குக் காட்டியவனுக்குத்தான் அது உதவும்.

அந்த ஆசை இல்லை, சனிக்கிழமை நண்பர்களோடு ஆடினால் போதும் என்றால், 180 கிலோமீட்டர் ஓட வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கிளப்பில் 150 டாலர் கிடைத்தாலும் கையில் மிஞ்சுவது இதைவிட அதிகம். வேலையும் கெடாது, அப்ரெண்டிஸ் படிப்பும் முடியும்.

இந்த வாரமே கன்ட்ரி கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்: 600-ஐயும் ஒப்பந்தத்தில் எழுத முடியுமா, அடிபட்டால் மீதி மேட்சுகளுக்குப் பணம் உண்டா, சம்பள இழப்புக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா. வி.எஃப்.எல். கிளப்புக்கும் பின்னிரண்டு கேள்விகள். பதில்கள் எழுத்தில் வந்ததும் ஒப்பந்தத்தோடு எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துக்கு முன்னால் வரிக்கு வரி பார்த்துவிடுவோம்.