"ஆர்டர் இல்லை, எழுதிக்கொடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள்: எழுதிக்கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் 8 வருடம் 7 மாதமாகச் செக்கிங் வேலை. நாள் சம்பளம் 500 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடிக்கிறார்கள். மொத்தம் 180 பேர். அமெரிக்க வரியால் ஆர்டர் போய்விட்டதாம். 'சொந்த விருப்பத்தில் நின்றுகொள்கிறேன்' என்று எழுதிக்கொடுத்தால் பி.எஃப். பணத்தை உடனே எடுத்துத் தருகிறோம், ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம் என்கிறார்கள். வரியால் வேலை போனால் அரசு உதவி உண்டா? பி.எஃப். முழுவதையும் எடுத்து 1,20,000 ரூபாய் நகைக்கடனை அடைத்துவிடலாமா?

பதில்: முதலில், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. உங்களுக்கு வரவேண்டிய பணத்தில் பெரும்பகுதி அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

வரியால் வேலை போனவர்களுக்கென்று தனி நிவாரணச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு 1962-லிருந்தே திட்டம் இருந்தது. 2022 ஜூலை 1-லிருந்து அங்கேயும் புது மனுக்களுக்குச் சான்று தருவதில்லை. நம் சட்டம் ஆர்டர் ஏன் போனது என்று பார்ப்பதில்லை. நீங்களாக நின்றீர்களா, அவர்கள் நிறுத்தினார்களா என்றுதான் பார்க்கும். அவர்கள் நிறுத்தினால் அது ஆட்குறைப்பு.

ஆட்குறைப்பு என்றால் கணக்கு இப்படி வரும். முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும்; இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம், 26 நாளுக்கு 13,000 ரூபாய். நஷ்டஈடு ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட துண்டு முழு வருடமாகும் என்பதால் உங்களுக்கு 9 வருடம்: 67,500. கிராஜுட்டியும் (பணிக்கொடை) அதே கணக்கில் 67,500. "ஒன்றுதான் கிடைக்கும்" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். தவறு, இரண்டும் தனித்தனி உரிமை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி மறுதிறன் நிதியிலிருந்து (வேலை இழந்தவர் வேறு தொழில் கற்க உதவும் நிதி) இன்னும் 15 நாள் சம்பளம், 7,500 ரூபாய், 45 நாளுக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். மொத்தம் 1,55,500. பாக்கி விடுப்புச் சம்பளமும் போனஸும் இதில் சேரவில்லை.

ராஜினாமா எழுதிக்கொடுத்தால் இதில் கிராஜுட்டி மட்டும்தான் மிஞ்சும். "கூப்பிடுகிறோம்" என்ற வாக்கையும் பாருங்கள்: ஆட்குறைப்பு ஆனவருக்குத்தான் ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுக்கும்போது முன்னுரிமை. தானாக நின்றவருக்கு அந்த உரிமை இல்லை.

உண்மையிலேயே ஓரிரு மாதத்தில் ஆர்டர் வரும் என்று கம்பெனி நம்பினால் அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. அது லே-ஆஃப், அதாவது வேலையிலிருந்து நீக்காமல் தற்காலிகமாக வேலை தராமல் வைப்பது. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில், ஒரு வருடம் முடித்த தொழிலாளிக்கு, வேலை இல்லாத நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி, 12 மாதத்தில் 45 நாள் வரை. இதில் பலர் கோட்டை விடுவது ஒரே இடத்தில்: வேலை இல்லையே என்று ஊருக்குப் போய்விடுகிறார்கள். தினம் ஒருமுறை ஆலை வாசலுக்குப் போய் ஆஜராகி, பெயர் பதிய வேண்டும். போகாவிட்டால் சொல்லாமல் நின்றவர் என்று எழுதிவிடலாம்.

அடுத்தது இ.எஸ்.ஐ. அங்கே அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் உண்டு. சராசரி தினசரிச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தருவார்கள், வாழ்நாளில் ஒருமுறை. பாதி என்றதும் 250 என்று கணக்குப் போடாதீர்கள். நான்கு சந்தாக் காலங்களின் (ஆறாறு மாதமாக இரண்டு வருடம்) மொத்தச் சம்பளத்தை 730 நாளால் வகுப்பதால் ஞாயிறுகளும் உள்ளே வந்து, நாளுக்குச் சுமார் 213 ரூபாய்தான் வரும். 90 நாளுக்கு 19,000 சொச்சம். வேலை போய் 30 நாள் கழித்து இ.எஸ்.ஐ. தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இது அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம். நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே மூச்சில் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவையும் கேளுங்கள். ஆட்குறைப்பு, ஆலை மூடல் ஆகியவற்றுக்கான அந்தத் திட்டத்தில் உதவி 24 மாதம் வரை போகும். இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது.

கம்பெனி இ.எஸ்.ஐ.க்கு மாதச் சந்தா ஏற்றும்போது, நாள் பூஜ்யம் என்றால் காரணமும் போட வேண்டும். 'வேலையை விட்டார்', 'ஆட்குறைப்பு', 'வேலை இல்லை' என்று தனித்தனியாக இருக்கும். உங்கள் பெயருக்கு நேரே எதைப் போடுகிறார்கள் என்று இப்போதே கேளுங்கள். தானாக விட்டவராகப் பதிவாகியிருந்தால் திருத்தத் திருத்த நாள் ஓடும்.

பி.எஃப்.பை எடுக்கக் கம்பெனியின் தயவு தேவையில்லை. அவர்கள் விலகிய தேதியைப் போடாவிட்டாலும், கடைசிச் சந்தா முடிந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே தளத்தில் பதியலாம். ஆனால் எடுக்காதீர்கள் என்பேன், முக்கியமாகப் பென்ஷன் பகுதியை. பென்ஷனுக்கு 10 வருடச் சேவை வேண்டும். உங்களுக்கு 9 என்று கணக்காகும். 10-சி படிவத்தில் (பென்ஷன் பகுதிக்கான விண்ணப்பம்) பணமாக வாங்கினால் அந்த 9 வருடமும் அழிந்தது. அதே படிவத்தில் பணத்துக்குப் பதில் 'ஸ்கீம் சர்டிபிகேட்' (இதுவரையிலான சேவைக்கான சான்றிதழ்) கேட்டால், அடுத்த கம்பெனியின் சேவை இதோடு சேர்ந்துகொள்ளும். எத்தனை வருடம் உண்மையில் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்று பாஸ்புக்கில் பாருங்கள். சேர்ந்து இரண்டு வருடம் கழித்துப் பிடிக்க ஆரம்பித்த கதைகள் நிறைய உண்டு.

நகைக்கடனை 1,55,500-லிருந்து அடையுங்கள். மிச்சம் 35,500-ஐ வீட்டுச் செலவுக்கு வையுங்கள். அதுவும் தீர்ந்து வேலையும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் பி.எஃப்.பில் கை வையுங்கள்.

கம்பெனி மறுத்தால், 'ஆர்டர் இல்லை என்று இன்ன தேதியில் வேலைக்கு வர வேண்டாம் என்றீர்கள்; நான் ராஜினாமா செய்யவில்லை' என்று எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி (பழைய பதிவுத் தபால் 2025-ல் இதோடு இணைந்துவிட்டது), ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு தொழிலாளர் துறைச் சமரச அலுவலரிடம் மனு. ஆட்குறைப்பு நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்க வேண்டும். கிராஜுட்டிக்கு 30 நாளுக்குள் தனியாக விண்ணப்பம் கொடுங்கள். தாமதித்தால் உரிமை போகாது, பணம்தான் தள்ளிப்போகும்.